புளியமரத்துக்கு விறகு விலை போதுமா?

சாலை அகலமாகும் இடமெல்லாம் முதலில் சாய்வது புளியமரம்தான். திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் சுமார் 45 கிலோமீட்டர் சாலை நான்குவழியானபோது, இருபுறமும் நிழல் தந்த புளி, மருத மரங்கள் வரிசையாக வெட்டப்பட்டன. ராஜபாளையம் - செங்கோட்டை நான்குவழிச் சாலை பற்றிய கவலை தென்காசி மாவட்டத்தின் வடபகுதி விவசாயிகளிடம் இன்னும் ஓயவில்லை. இப்படி வெட்டுப்படும் சாலையோரப் புளியமரத்துக்கு அரசுக் கோப்பில் எழுதப்படுவது பெரும்பாலும் கட்டையின் அளவும் விறகின் எடையும்தான். அதே மரத்தின் பழம், கொட்டை, இலை ஆகியவற்றில் உள்ள பொருள்களைக் கொண்டு உலகின் பல நாடுகளில் உணவும் மருந்தும் ஆலைச் சரக்கும் தயாராகின்றன. அந்த மதிப்பையும் கணக்கில் ஏற்றினால் பல மரங்கள் தப்பும். வெட்டியே தீர வேண்டிய மரங்களுக்கும் உரிய ஈடு கிடைக்கும்.

வறண்ட மண்ணின் மரம்

புளி நம் சமையலோடு இரண்டறக் கலந்துவிட்டதால் அதை நம்முடைய மரம் என்றே எல்லோரும் நினைக்கிறோம். தாவரவியலாளர்கள் அதன் பூர்வீகமாகக் காட்டுவது ஆப்பிரிக்காவின் வறண்ட புல்வெளிக் காடுகளை. மேற்கே செனகலிலிருந்து கிழக்கே சூடான், எத்தியோப்பியா வரை அது தானாக முளைத்து நிற்கிறது. மடகாஸ்கர் தீவின் தென்பகுதிக் காடுகளில் வாழும் வளையவால் லெமூர்களுக்குப் புளியம்பழமும் புளிய இலையும் முக்கியமான இரை.

இந்தியாவுக்கு அது வந்து மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. உத்தரப் பிரதேசத்தில் நர்ஹன் என்ற இடத்தில் நடந்த அகழாய்வில், சுமார் கி.மு. 1300-ஐச் சேர்ந்த புளியமரக் கரித்துண்டுகள் கிடைத்தன. தமிழகத்திலோ சங்கப் பாடல்களிலேயே புளிக்குழம்பு இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் ஆழ்வார்திருநகரியில், நம்மாழ்வார் அமர்ந்திருந்ததாக வைணவர்கள் போற்றும் ‘உறங்காப்புளி’ இன்றும் வணங்கப்படுகிறது. மற்ற புளியமரங்கள் இரவில் இலைகளை மூடிக்கொள்ளும். அந்த மரம் மூடுவதில்லை என்பது பக்தர்களின் நம்பிக்கை. மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டு மரம் நட்டதைத் தென்மாவட்டத்து மக்கள் இன்னும் நன்றியோடு பேசுகிறார்கள்.

தென்காசி மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு வானிலை உண்டு. குற்றாலத்தில் ஆனி, ஆடியில் சாரல் விழும்போது, கழுகுமலைக்கும் சிவகாசிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவே கிடக்கும் திருவேங்கடம் வட்டாரத்தில் வெயில் கொளுத்தும், காற்று மண்ணை வாரி இறைக்கும். இந்தக் கரிசல் பூமி ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே பருத்தி, உளுந்து, மக்காச்சோளம் போடுகிறது. மழை பொய்த்த ஆண்டில் தீப்பெட்டி ஆபீசும் பட்டாசு ஆலையும்தான் கஞ்சி ஊற்றுகின்றன.

இந்த மண்ணுக்கு ஏற்ற மரம் புளி. ஆழ வேர் விட்டு, பல மாதம் மழையில்லாமலும் தாக்குப்பிடிக்கும். ஆப்பிரிக்கப் புல்வெளியில் வளர்ந்த பழக்கம் அது. நன்றாக வேரூன்றிய மரம் நூறாண்டு கடந்தும் காய்க்கும். பயிர் கைவிட்ட ஆண்டிலும் மாசி, பங்குனியில் மரத்தில் பழம் தொங்கும். வானம் பார்த்த பூமியில் விவசாயிக்கு அதைவிடப் பெரிய காப்பீடு கிடையாது.

பழத்தில் உள்ளது என்ன?

புளியங்காய் பழுக்கும்போது ஒரு விந்தை நடக்கிறது. மாம்பழம் போன்ற பெரும்பாலான பழங்களில் பழுக்கப் பழுக்கப் புளிப்பு குறைந்துவிடும். புளியில் இனிப்பு கூடுகிறது, புளிப்பு குறைவதில்லை. காரணம் டார்டாரிக் அமிலம். சதைப்பற்றில் இந்த அமிலம் மட்டும் 8 முதல் 18 சதவீதம் வரை இருக்கிறது. சர்க்கரை 25 முதல் 45 சதவீதம். இந்த அளவு அமிலத்தில் கெடுக்கும் கிருமிகள் எளிதில் வளர முடியாது. உப்புப் போட்டுப் பானையில் அடைத்த புளி ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருப்பதும், வத்தக்குழம்பும் புளிக்காய்ச்சலும் நாள்பட நிற்பதும் இதனால்தான்.

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும்போது நடப்பதையும் உற்றுப் பார்க்கலாம். உலோகத்தின் மேல் படிந்த கறுப்புப் படலத்தை அமிலம் கரைத்துவிடுகிறது. உள்ளிருக்கும் மஞ்சள் பளபளப்பு வெளியே வருகிறது. இதிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. விளக்கின் உலோகத்தைக் கரைக்கும் புளி, பாத்திரத்தின் உலோகத்தையும் கரைக்கும். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னது சரியே. ரசச் சொம்பு வாங்கும்போதும் அது வெள்ளீயமா, நச்சான காரீயம் கலந்ததா என்று விசாரித்து வாங்க வேண்டும்.

புளியால் உடலுக்குக் கிடைக்கும் நன்மைகளில் நம் நாட்டிலேயே நன்றாக ஆராயப்பட்ட ஒன்று, புளோரைடு தொடர்பானது. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்தால் பல் கறைபடும், எலும்பு வளையும். தமிழகத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு இந்த வேதனை நன்றாகத் தெரியும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் விடுதி மாணவர்கள் 18 பேருக்கு மதிய உணவுடன் அன்றாடம் 10 கிராம் புளியை 18 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீர் வழியே வெளியேறும் புளோரைடின் அளவு தெளிவாகக் கூடியிருந்தது. 2002-ல் இது வெளியானது. சிறிய ஆய்வுதான், நல்ல குடிநீருக்கு மாற்றாக இதைக் கொள்ள முடியாது. ஆனாலும், அன்றாடம் குழம்பில் கரைக்கும் 10 கிராம் புளி உடலுக்குள் என்ன வேலை செய்கிறது என்பதை அளந்து காட்டிய ஆய்வு அது.

முத்துக்குள் இருக்கும் சொத்து

புளி வியாபாரத்தில் பழத்துக்குத்தான் விலை. கொட்டை கழிவுபோலவே போகிறது. தென்மாவட்டங்களில் அதைப் புளியமுத்து என்பார்கள். பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் பிள்ளைகள் பொறுக்கி வைப்பார்கள். பஞ்ச காலத்தில் வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்துத் தின்றதை முதியவர்கள் சொல்வார்கள். உண்மையில் இந்த மரத்தின் பெரிய சொத்து அந்த முத்துக்குள்தான் இருக்கிறது.

100 கிலோ புளியம்பழத்தை உடைத்தால் சுமார் 55 கிலோ சதை, 34 கிலோ கொட்டை, மீதி ஓடும் நாரும். 150 கிலோ பழம் தரும் ஒரு மரத்திலிருந்து மட்டும் 50 கிலோ கொட்டை வரும். கொட்டைக்குள் இருக்கும் பருப்பில் பெரும்பகுதி ‘சைலோகுளூகன்’ என்ற மாவுப்பொருள். செடி முளைக்கும்போது தின்று வளர்வதற்காக மரம் சேர்த்துவைக்கும் உணவு இது. தண்ணீரில் கரைத்தால் வழுவழுவென்று கெட்டிப்படும். இந்தக் குணத்துக்காகவே புளியங்கொட்டை மாவை நூலுக்குக் கஞ்சி போடவும், சணல் ஆலைகளிலும், துணி அச்சடிப்பிலும் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். ஜப்பானில் 1960-களிலிருந்து இதைச் சுத்தப்படுத்தி ஐஸ்கிரீம், சாஸ் போன்ற உணவுகளைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கிறார்கள்.

கண் மருத்துவத்திலும் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது. கண்ணீரில் உள்ள ‘மியூசின்’ என்ற வழுவழுப்பான புரதத்தின் அமைப்புக்கு நெருக்கமானது சைலோகுளூகன். அதனால் கண்ணின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. கண் வறட்சி உள்ளவர்களுக்கு இதிலிருந்து செய்த சொட்டு மருந்தைக் கொடுத்து, இத்தாலிய மருத்துவர்கள் 2007-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கமாகக் கொடுக்கப்படும் ஹயலூரானிக் அமிலச் சொட்டு மருந்துக்கு இது ஈடாக நின்றது. செல்போனும் கணினியும் பார்த்துப் பார்த்துக் கண் உலர்ந்துபோகும் தலைமுறைக்கு, நாம் குப்பையில் கொட்டும் முத்திலிருந்து மருந்து வருகிறது.

கொட்டையின் பழுப்புத் தோலில் துவர்ப்புப் பொருள்கள் நிறைய உண்டு. பூச்சிகளிடமிருந்து விதையைக் காப்பது அவற்றின் வேலை. பருப்பில் செரிமானத்தைத் தடுக்கும் புரதங்களும் இருக்கின்றன. வறுத்துத் தோல் நீக்காமல் புளியங்கொட்டையைத் தின்னக் கூடாது என்ற வீட்டுப் பழக்கத்தின் காரணம் இது. ரூர்க்கி ஐஐடி ஆய்வாளர்கள் புளியங்கொட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு புரதம், சிக்குன்குனியா வைரஸ் உயிரணுக்களுக்குள் நுழைவதை ஆய்வகத்தில் தடுத்தது. 2006-ல் அந்தக் காய்ச்சல் தமிழகத்தை முடக்கிப்போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்றுவரை அதற்கென்று தனி மருந்து கிடையாது என்பதால், இப்படிப்பட்ட தொடக்க நிலை ஆய்வுகளும் கவனிக்கத்தக்கவை.

இலையும் சளைத்ததில்லை. புளியமரத்தடியில் புல் முளைக்காது என்பது ஊரறிந்த செய்தி. நிழல் மட்டும் அதற்குக் காரணமில்லை. புளியின் இலையிலும் கொட்டையிலும் மற்றச் செடிகளின் வளர்ச்சியை மட்டுப்படுத்தும் பொருள்கள் இருப்பதை ஜப்பானில் நடந்த ஆய்வுகள் காட்டின. ரசாயனக் களைக்கொல்லிகளின் கேடு பற்றிப் பேசும் காலத்தில், நம் வேளாண் கல்லூரிகள் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து பார்க்கலாம்.

ஆய்வகம் வேறு, வைத்தியம் வேறு

இப்படிச் சொன்னதும் ஒரு பயம் எழுகிறது. செல்போனைத் திறந்தால் போதும். புளியங்கொட்டைப் பொடி மூட்டுவலியைப் போக்கும், சர்க்கரையை விரட்டும், நரம்பை முறுக்கேற்றும் என்று விற்பவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆய்வகத்தில் கண்ட ஒரு குணத்துக்கும், மனித உடலில் அளவு தீர்மானித்துக் கொடுக்கும் மருந்துக்கும் நடுவே நெடுந்தூரம் இருக்கிறது.

விஷக்கடியை எடுத்துக்கொள்வோம். தேள் கொட்டினால் புளியங்கொட்டையைக் கல்லில் சூடு பறக்கத் தேய்த்துக் கடிவாயில் ஒட்டுவது கிராமத்துப் பழக்கம். மைசூர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் புளியங்கொட்டைச் சாறு கண்ணாடி விரியன் விஷத்தில் உள்ள சில நொதிகளின் வேகத்தைக் குறைப்பதாகக் கண்டார்கள். அறிவியலுக்கு அது அரிய தடயம். ஆனால், சோளக்காட்டில் விரியன் கடித்தவரின் காலில் புளியங்கொட்டையை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் உயிர் போய்விடும். அவருக்கு வேண்டியது அரசு மருத்துவமனையில் உள்ள விஷமுறிவு ஊசி, அதுவும் உடனே.

மருந்தோடு சேரும்போதும் கவனம் தேவை. ஆஸ்பிரின், இபுபுரூபன் மாத்திரைகளைப் புளி சேர்ந்த உணவோடு எடுத்தால், ரத்தத்தில் அவை அதிக அளவில் ஏறுவதாக நைஜீரியாவில் நடந்த சிறு ஆய்வுகள் தெரிவித்தன. வீட்டுக் குழம்பால் யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால், புளிச்சாற்றையோ கொட்டைப் பொடியையோ மருந்துபோல் அதிகமாகச் சாப்பிடுபவர்கள், குறிப்பாக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

இந்த வேறுபாட்டைச் சொல்லும் பொறுப்பு நம் நிறுவனங்களுக்கு இருக்கிறது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஊரார் கைவைத்தியமாகச் செய்வதைப் பதிவுசெய்து, எது சோதனையில் நிற்கிறது, எது ஆபத்து என்று தமிழில் எழுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒட்டும் வேலையை அவை சேர்ந்து செய்ய முடியும்.

ஆப்பிரிக்கா தரும் இரண்டு பாடங்கள்

மரத்தின் வேதிப்பொருளுக்கு உலகச் சந்தையில் கிராக்கி வந்தால் அந்த மரத்துக்கு என்ன ஆகும்? ஆப்பிரிக்காவிலேயே இரண்டு விடைகள் இருக்கின்றன.

முதலாவது, ‘புரூனஸ் ஆப்பிரிக்கானா’ என்ற மலைக்காட்டு மரம். அதன் பட்டைச் சாறு ஆண்களின் புராஸ்டேட் வீக்கத்துக்கு மருந்தாக ஐரோப்பாவில் 1960-களிலிருந்து விற்பனைக்கு வந்தது. கேமரூன், மடகாஸ்கர் காடுகளில் பட்டையை மொத்தமாக உரித்தார்கள். சுற்றிலும் பட்டை போன மரம் பட்டுப்போனது. நிலைமை கைமீறியபின், 1995-ல் அந்த மரம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பொருளை மட்டும் பார்த்து மரத்தைப் பார்க்காமல் விட்டதன் விளைவு அது.

இரண்டாவது, பெருக்கமரம். ராமநாதபுரத்தில் பொந்தன்புளி என்பார்கள். அராபிய வணிகர்களோடு வந்ததாகக் கருதப்படும் அந்த ஆப்பிரிக்க மரங்கள் சில, ராமநாதபுரம் கடலோரத்திலும் இலங்கையின் மன்னாரிலும் இன்றும் நிற்கின்றன. ஆப்பிரிக்காவில் அதன் பழத்தை ஏழைப் பெண்கள் பொறுக்கி உள்ளூர்ச் சந்தையில் விற்றுவந்தார்கள். தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் உற்பத்தியாளர்கள் ஒன்றுசேர்ந்து, பழத்தூளின் பாதுகாப்பை ஆய்வுகளால் நிறுவி, 2008-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அனுமதியைப் பெற்றார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் கதவு திறந்தது. பழம் பொறுக்குவதால் மரத்துக்குச் சேதமில்லை. காய்க்கும் மரத்துக்கு விலை வந்ததால், அதைக் காப்பாற்ற ஊராருக்கும் ஒரு காரணம் கிடைத்தது.

புளி இந்த இரண்டாவது வழிக்கு உரிய மரம். பட்டை உரிக்க வேண்டாம், வேர் தோண்ட வேண்டாம். உலுக்கி எடுக்கும் பழத்திலும் தட்டி எடுக்கும் கொட்டையிலும் எல்லாம் இருக்கிறது. புளி உற்பத்தியில் உலகில் முதலிடம் இந்தியாவுக்குத்தான். ஆனால், சாலையோர மரத்துப் பழம் ஏலம் போகிறது, உலுக்கப்படுகிறது, மூட்டையில் ஏறிப் போகிறது. ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டும் பெண்களுக்குக் கிடைப்பது கூலி மட்டும். கொட்டை மாவாகி, மாவு சுத்தமாகி, மருந்தாகும் ஒவ்வொரு படியிலும் கூடும் விலை வேறு யாருக்கோ சேர்கிறது.

சாலையும் வேண்டும்

சாலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கேரளத்துக்குச் செல்லும் சரக்கு லாரிகள், குற்றாலச் சீசனுக்கு வரும் வாகனங்கள், கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் எல்லாம் ஒரே சாலையில் நெருக்கும்போது விபத்துகள் நடக்கின்றன. தாரை ஒட்டி நிற்கும் மரத்தில் மோதி உயிர் போன குடும்பங்களும் உண்டு. பொறியாளர்கள் சொல்லும் பாதுகாப்புக் காரணத்தைத் தள்ளிவிட முடியாது.

கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. தனியாருடைய தோட்டத்தில் நிற்கும் புளியமரம் சாலைக்காக எடுக்கப்பட்டால், காய்ப்பைக் கணக்கிட்டு மதிப்புப் போடத் தோட்டக்கலை அலுவலர்களைக் கேட்கிறார்கள். சாலையோரத்தில் நிற்பது அரசின் மரம். ஆண்டுதோறும் மகசூல் ஏலத்தில் அது அரசுக்கும் உள்ளாட்சிக்கும் பணம் ஈட்டித் தந்தது. வெட்டும் நாளில் மட்டும் அது விறகாகிவிடுகிறது. மதிப்புக் குறைவாக இருப்பதால் வெட்டுவது எளிதாகிறது. சாலையை ஒருபுறமாக மட்டும் அகலப்படுத்தலாமா, மரவரிசையை நடுத்திட்டாக விடலாமா என்று யோசிக்க யாருக்கும் அவசியம் ஏற்படுவதில்லை.

ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நட வேண்டும் என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளில் சொல்லிவிட்டன. மத்திய அரசின் 2015-ம் ஆண்டுப் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை, திட்டச் செலவில் 1 சதவீதத்தை மரம் வளர்க்க ஒதுக்கச் சொல்கிறது. 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு, மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்குவது. விதிகளுக்குப் பஞ்சமில்லை. நட்ட கன்று எது, எங்கே, இரண்டாவது கோடையைத் தாண்டியதா என்பதை ஊரார் தெரிந்துகொள்ள வழி இல்லாததுதான் குறை. சாலை நடுவே அரளியும் போகன்வில்லாவும் பூத்துக் குலுங்குவது கண்ணுக்கு அழகு. ஆனால் அவை புளியமரத்துக்கு ஈடாகாது.

என்ன செய்யலாம்?

முதலில், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழு, தென்காசி மாவட்டத்தின் சாலையோரப் புளியமரங்களை எண்ணி, எண் எழுதி, சுற்றளவும் சராசரி மகசூலும் கொண்ட பட்டியல் தயாரிக்க வேண்டும். மகசூல் ஏலக் கணக்குகள் ஏற்கெனவே அலுவலகங்களில் இருப்பதால் இது பெரிய வேலையில்லை. வெட்ட அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் கட்டை மதிப்போடு, இனி வரும் ஆண்டுகளின் மகசூல் மதிப்பும் எழுதப்பட வேண்டும். பட்டியல் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

இரண்டாவதாக, வெட்டியே ஆக வேண்டிய மரத்தில் நல்ல காய்ப்பும் சதைப்பற்றும் இருந்தால், வெட்டுவதற்கு முன் அதிலிருந்து ஒட்டுக்குச்சி எடுக்க வேண்டும். விதைக் கன்று காய்க்க ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேலாகும். ஒட்டுக்கன்று நான்காம் ஆண்டிலேயே பூக்கத் தொடங்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பிகேஎம்-1 புளி ரகம் இப்படித் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதுதான். தென்காசிச் சாலைகளில் நூறாண்டு வறட்சியைத் தாங்கி நின்ற மரங்களின் வம்சம் வனத்துறை நாற்றங்காலில் தொடர வேண்டும்.

மூன்றாவதாக, ஈட்டு மரங்களில் ஒரு பங்கு புளியாக இருக்கட்டும். தாரை ஒட்டி நடாமல், சாலை எல்லையின் ஓரத்திலும், கண்மாய்க் கரைகளிலும், ஊராட்சிப் புறம்போக்கிலும் மரத்துக்கு மரம் 10 மீட்டர் இடைவெளி விட்டு நடலாம். குற்றாலம் பக்கம் நட்டு எண்ணிக்கையை நிரப்புவது எளிது. நிழலே இல்லாத திருவேங்கடம், சங்கரன்கோவில் வட்டங்களுக்குத்தான் அவை முதலில் போக வேண்டும். மூன்று ஆண்டு தண்ணீர் ஊற்றும் பொறுப்பு ஒப்பந்ததாரருடையது என்று எழுதி, பிழைத்த கன்றுகளை எண்ணிய பிறகே கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்க வேண்டும்.

நான்காவதாக, திருவேங்கடத்தில் ஒரு புளி பதப்படுத்தும் கூடம் அமைக்கலாம். கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, மாவாக்கும் எந்திரங்கள் புதியவையல்ல. கொட்டையைத் துளைக்கும் வண்டு வராமல் சேமிக்கும் கிடங்கும், பழம் கறுக்காமல் வைக்கும் குளிர்ப்பதன அறையும் சேர்ந்தால் போதும். தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் மாற்றாக நெருப்புப் பயமில்லாத வேலை பெண்களுக்குக் கிடைக்கும். மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டமைப்போ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ இதை நடத்தலாம். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்திடம் பயிற்சி கேட்கலாம். சாலையோர மகசூல் ஏலத்தில் இத்தகைய குழுக்களுக்கு முன்னுரிமை கொடுத்தால், பழமும் கொட்டையும் மாவட்டத்தை விட்டு மூட்டையாகப் போகாது.

ஐந்தாவதாக, புளியங்கொட்டையை வைத்து நோய் தீரும் என்று விளம்பரம் செய்யும் பொடிகளை உணவுப் பாதுகாப்புத் துறை மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். உண்மையான மருத்துவக் குணத்தை நிலைநாட்ட விரும்புபவர்களுக்கு இந்தப் போலிகள்தான் முதல் தடை.

தை பிறந்தால் புளி உலுக்கும் காலம் நெருங்கிவிடும். மகசூல் ஏல அறிவிப்புகளும் வரத் தொடங்கும். மரங்களின் எண், அளவு, காய்ப்பு ஆகியவற்றை ஏலத்தோடு சேர்த்தே பதிவுசெய்தால் கணக்கெடுப்புக்குத் தனிச் செலவு ஆகாது. தென்காசி மாவட்ட நிர்வாகம் வரும் பருவத்திலேயே திருவேங்கடம் வட்டத்தில் இதை முன்னோட்டமாகச் செய்து பார்த்து, அந்தப் பட்டியலை அடுத்த பசுமைக் குழுக் கூட்டத்தில் வைக்கட்டும். ராஜபாளையம் - செங்கோட்டை சாலைக்கான மர அனுமதிகளும் இத்தகைய பட்டியலைப் பார்த்த பிறகு முடிவாகட்டும்.